எர்லாவின் முந்நூற்று அறுபத்தாறாம் நாள்

பிரபு ஓட்டோவை எர்லா கிராமத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கோட்டையில் இருக்கிறார் என்பார்கள். இல்லை, சிலுவைப் போருக்குப் போனவர் திரும்பவே இல்லை என்பார்கள். அவருக்கு ஒரு கண் கிடையாது என்று கொல்லன் அடித்துச் சொல்வான். ஆனால் அவருடைய உத்தரவு மட்டும் தவறாமல் வந்துவிடும். மணியக்காரர் தேவாலய வாசலில் நின்று அதை உரக்க வாசிப்பார். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், பெண்கள் தலை குனிவார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மூச்சுவிடாமல் கேட்பார்கள்.

அந்த உத்தரவுகளைத் தட்டச்சு செய்து அனுப்பியவள் செண்பகவல்லி. பாளையங்கோட்டையில் ஒரு வரலாற்று ஆய்வு நிலையத்தின் மூன்றாவது மாடியில், ஏசி இருந்தும் மின்விசிறியை நம்பி வாழ்ந்த ஓர் அறையில், அவள் நான்கு வருடமாக வேலை பார்த்தாள். எர்லா அந்த அறையின் கணினிக்குள் இருந்தது.

பதிமூன்றாம் நூற்றாண்டு ஜெர்மன் நிலத்துப் பண்ணை ஒன்றை, பழைய ஏடுகளையும் கல்லறை எலும்புகளையும் விதை நெல்லைப் போலச் சேர்த்து, பேராசிரியர் தியோடர் ஞானமுத்து அதற்குள் முளைக்க வைத்திருந்தார். அங்கே இருந்தவர்களுக்குப் பசித்தது. அவர்கள் பொறாமைப்பட்டார்கள், ஆடு ஈன்றால் சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் பேசியதை இயந்திரம் தமிழாக்கித் தந்தது. அந்தத் தமிழைத் திருத்திப் பழக்கியவள் செண்பகம் என்பதால், மொத்த எர்லாவும் திருநெல்வேலிப் பேச்சுப் பேசியது. "பதிமூணாம் நூற்றாண்டுப் பண்ணையாள் அண்ணாச்சிங்கானேம்மா," என்று சார் முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கும் அது பிடித்துப்போனது.

எர்லாவின் ஒரு வருடம் இங்கே பன்னிரண்டு நாளில் ஓடி முடியும். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் காலையில் தொடங்கும். முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் பொழுது சாய்ந்ததும் நிற்கும். பிறகு எல்லாரையும், எல்லாவற்றையும் பழைய மிக்கேல் திருநாளுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுவார்கள். ஒரு ஓட்டத்தில் மழை குறையும். ஒன்றில் கூலியில்லா வேலை கூடும். அதிகாரத்தை மனிதன் எதுவரை பொறுப்பான், எந்த இடத்தில் பொறுக்க மாட்டான் என்பதுதான் தியோடர் சாரின் கேள்வி.

இருபதாவது ஓட்டத்தில் மாற்றியது மிகச் சின்ன விஷயம். வீடுகளில் யாரும் திருகை வைத்திருக்கக் கூடாது. தானியத்தைப் பிரபுவின் நீர்ச்சக்கர ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கை ஆலை எடுத்துக்கொள்ளும். பிரபுக்கள் உண்மையிலேயே அப்படிச் செய்தவர்கள்தான். பிடுங்கிய கற்களைப் பண்ணை வீட்டு முற்றத்தில் தளமாகப் பதிக்க வேண்டும் என்ற வரியைச் செண்பகம் தானாகச் சேர்த்தாள். எங்கோ படித்த ஞாபகம். எழுதும்போது அழகாக இருப்பதாகத் தோன்றியது.

பத்தொன்பது ஓட்டங்களில் வரியை ஏற்றியிருக்கிறார்கள், பட்டினி போட்டிருக்கிறார்கள். ஒருவரும் ஊரைவிட்டு ஓடியதில்லை. இந்த ஓட்டத்தின் முதல் நாளான மிக்கேல் திருநாளிலேயே திருகையைப் பிடுங்கினார்கள்; அன்று மத்தியானமே மெக்தில் ஓடிப்போனாள்.

மெக்திலுக்கு இருபத்து மூன்று வயது. அம்மா பெர்த்தாவோடு ஓடைக்கரை வீட்டில் இருந்தவள். வாய் நீளம். மணியக்காரரின் ஆட்கள் திருகையின் மேல்கல்லைத் தூக்கியபோது, "பாத்துத் தூக்குங்கடே, உங்களுக்கு வழக்கமா இலை தழைதான தூக்கிப் பழக்கம்," என்றாள். கல்லை முற்றத்தில் பதித்து அதன்மேல் மணியக்காரர் நடந்து காட்டியபோது மட்டும் ஒன்றும் பேசவில்லை. பொழுது விழுமுன் எர்லாவிலிருந்து மூன்று மணி நேர நடையில் இருந்த க்ரோனெக் நகரத்தின் வாயிலில் நின்றாள்.

செண்பகம் எர்லாவின் மறுநாளிலேயே அவளைத் தேடி உள்ளே போனாள். உள்ளே போவது என்றால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுப்பது. இயந்திரத்தை ஓட்டும் பீர்முகம்மது அண்ணன் எர்லாவின் வேகத்தை நம்முடைய கடிகாரத்துக்கு இறக்கிக் கொடுப்பார். அந்தக் கால வழக்கப்படி தொப்பியில் அடையாளச் சிப்பி குத்திய ஒரு யாத்திரைக்காரியாக அவள் அங்கே இருப்பாள். யாத்திரைக்காரர்களை எந்த ஊரும் சந்தேகப்படாது. என்ன கேட்டாலும் பதில் சொல்வார்கள்.

க்ரோனெக்கின் வாயிலில் உல்ரிக் உட்கார்ந்திருந்தார். காவலும் அவரே, கணக்கரும் அவரே. வருகிறவர்கள் பெயரை ஒரு தடித்த ஏட்டில் எழுதுவார்.

"சட்டம் தெரியுமா உனக்கு?" என்று அவர் மெக்திலிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு வருசமும் ஒரு நாளும் இந்த மதிலுக்குள்ள இருந்துட்டேன்னு வையி, பெறவு நீ எந்தப் பிரபுவுக்கும் ஆளு கெடையாது. உன்னை ஒருத்தனும் தொட முடியாது. அதுக்குள்ள பிரபு ஆளு வந்து பிடிச்சான்னா, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"நேத்து வந்ததைச் சேத்துதான எண்ணுவீரு, அண்ணாச்சி?"

"சேத்துதான்."

"அப்ப ரெண்டு நாளு ஆச்சு."

"ஏட்டி, வெயிலு ஏறவே இல்ல, அதுக்குள்ள ரெண்டா?"

"ஏறுமா ஏறாதா?"

உல்ரிக் வானத்தைப் பார்த்தார். "ஏறும்," என்று ஒப்புக்கொண்டார்.

மெக்திலுக்கு ஒரு ரொட்டிக்காரியின் வீட்டில் வேலை கிடைத்தது. தினமும் சாயங்காலம் வாயிலுக்கு வந்து எத்தனை நாள் பாக்கி என்று உல்ரிக்கைக் கேட்பாள். "நேத்து சொன்னதுல ஒண்ணைக் கழிச்சிக்கோ, என் உயிரை எடுக்காத," என்பார் அவர். ஆனாலும் அவள் வரத் தாமதமானால் தெருவை எட்டி எட்டிப் பார்ப்பார். மணியக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். இரண்டு முறையும் அவள் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்திருந்தாள். ரொட்டிக்காரி வந்தவர்களிடம், அவர்கள் குறுக்கே வந்ததால்தான் ரொட்டி கெட்டது என்று வேகாத பக்கத்தைக் காட்டிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

செண்பகம் அடிக்கடி போனாள். வேலைக்கு அவசியமானதைவிட அதிகமாகவே போனாள். ரொட்டி வீட்டுப் பின்வாசலில் இருவரும் சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி பேசுவார்கள். செண்பகத்துக்கு அதன் ருசி தெரியாது, சூடு மட்டும் விரல் நுனியில் வரும். கோவில்பட்டியில் கல்யாணத்துக்கு அவசரப்படுத்தும் தன் வீட்டைப் பற்றி அவள் மெக்திலிடம்தான் சொன்னாள். மெக்தில் எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க ஊருலயும் நாளு எண்ணுதாங்களோ?" என்றாள்.

இந்தப் பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை, பீர் அண்ணன் டீ வாங்கி வந்தபோது செண்பகம் சந்தோஷமாக இருந்தாள்.

"அண்ணே, இன்னும் அறுவது நாளு. மெக்தில் விடுதலையாயிருவா."

"அப்படியா, நல்லது. என்னைக்கு?"

"அடுத்த மிக்கேல் திருநாளு அன்னைக்கு. சாயங்கால மணி அடிச்சதும்."

பீர் அண்ணன் டீயை ஊதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "யம்மா, நம்மகிட்ட அப்படி ஒரு நாளே கெடையாதே."

"என்னது?"

"ஓட்டம் முந்நூத்தி அறுவத்தஞ்சுலல்லா நிக்குது. அவ கேக்கது முந்நூத்தி அறுவத்தாறு."

செண்பகம் அவரையே பார்த்தாள். சட்டத்தை ஏட்டிலிருந்து எடுத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் க்ரோனெக்கில் போட்டவர் தியோடர் சார். வருடத்தின் நீளத்தை முந்நூற்று அறுபத்தைந்து என்று வைத்தவரும் அவரே. நான்கு வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இருக்கிற எந்த நாளிலும் அடைய முடியாத ஒரு விடுதலையை அவர்கள் அத்தனை நேர்த்தியாகக் கட்டி வைத்திருந்தார்கள்.

அவளால் முடிந்தது ஒன்று இருந்தது. ஓட்டோ அவள் கையில்தானே இருக்கிறார். அன்று மத்தியானமே உள்ளே போய், சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"மெக்தில், பிரபு மனசு மாறி, உன்னை விட்டுட்டேன்னு முத்திரை வச்சு ஒரு ஓலை அனுப்பினாருன்னா?"

மெக்தில் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "வாங்க மாட்டேன்."

"ஏன்? ஓலை வந்த அன்னைக்கே நீ விடுதலையாச்சே!"

"யக்கா, அவரு குடுத்தா அது அவரு குடுத்தது. நாளைக்கு அவரு மவன் வந்து, எங்க அப்பன் குடிச்சிட்டு எழுதிக் குடுத்துட்டாருன்னு சொல்லலாம். சொல்லலேன்னாலும் ஒவ்வொரு திருநாளுக்கும் நான் அவரை நெனச்சுக் கும்பிடணும். திருகையை எடுத்ததும் அவரு இஷ்டம், என்னை விட்டதும் அவரு இஷ்டம்னா, எனக்கு என்ன மாறிச்சு?" மாவைப் புரட்டி அடித்தாள். "எனக்கு ஒருத்தரும் தர வேண்டாம். நாளு பாட்டுக்குப் போவும். கடைசி நாளும் போவும். அவ்வளவுதான்."

"அந்தக் கடைசி நாளு என்ன செய்வே?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்," என்று மெக்தில் சிரித்தாள். "உல்ரிக் அண்ணாச்சி பக்கத்துல போய் உக்காந்துகிட்டு, அவரு உயிரை எடுப்பேன்."

தியோடர் சாரின் அறையில் புத்தகங்களுக்கு நடுவே அவர் உட்கார ஒரு நாற்காலி, எதிரில் ஒரு ஸ்டூல். செண்பகம் நின்றுகொண்டே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபது ஓட்டமும் ஒரே நீளம் இருந்தாத்தாம்மா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியும்."

"அந்த ஒரு நாளை ஆய்வுல சேக்க வேண்டாம், சார்."

"அதுக்குச் சொல்லல." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் ஒரு தடவைகூட எர்லாவுக்குள் போனதில்லை. திரையில் எண்களாக மட்டுமே பார்ப்பார். அது ஆய்வு ஒழுக்கம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். "ஒரு நாள் குடுத்தா என்ன அர்த்தம்னு யோசிச்சியா? அவளுக்கு அந்த நாள் மேல உரிமை இருக்குன்னு அர்த்தம். உரிமை இருக்குன்னா அவ ஒரு ஆளு. அவ ஆளுன்னா, மத்தவங்களும் ஆளு. அப்ப பத்தொம்பது தடவை அந்த ஊரை அழிச்சு அழிச்சு எழுதுன நாம யாரு? நான் ஞாயித்துக்கிழமை கோயில்ல பிரசங்கம் பண்ணுதவன்மா. ராத்திரி எனக்கு உறக்கம் வரணும்."

செண்பகத்துக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"சட்டத்தை அங்க போட்டது நீங்கதான், சார். வேண்டாம்னா போட்டிருக்கக் கூடாது. போட்டாச்சு, அவ அதை நம்பி முந்நூறு நாளு எண்ணிட்டா."

அவள் வெளியே வந்து, யாரும் இல்லாத படிக்கட்டில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் மேஜையில் ஒரு தாள் கிடந்தது. ஏதோ திருமண அழைப்பிதழின் பின்பக்கம். சாரின் பொடிக் கையெழுத்து.

'நாள் 366. விடியலில் பனிமூட்டம், ஆற்றின் பக்கம் அதிகம். காலை ஒன்பது மணிக்கு வெயில். மேற்குக் காற்று, லேசாக. மதியம் மேகம், மழை இல்லை. சாயங்காலம் வானம் சுத்தமாக இருக்கட்டும். சந்தையில் வாத்து நிறைய வரும். விலை பார்த்துப் போடவும். தி.ஞா.'

வானிலைப் பட்டியல் முந்நூற்று அறுபத்தைந்தோடு முடிந்துவிடுவது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. பீர் அண்ணன் தாளை இரண்டு தடவை வாசித்தார். "மழை வேண்டாம்னுட்டாரு பாத்தியா, மனுசன்," என்றார்.

எர்லாவிலும் க்ரோனெக்கிலும் அதுவரை எவருக்கும் கிடைக்காத அந்த நாள், மற்ற நாட்களைப் போலவே விடிந்தது. ஆற்றின் மேல் பனி கிடந்தது. வாத்துகள் கத்திக்கொண்டு வாயிலுக்குள் நுழைந்தன. மெக்தில் சொன்னபடியே உல்ரிக்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாத்திரைக்காரியும் உட்கார்ந்தாள். மூவரும் ஒன்றும் செய்யவில்லை. மதியம் மேகம் வந்தபோது மெக்தில் நிமிர்ந்து பார்த்தாள். "மழை வருமோ?"

"வராது," என்றாள் செண்பகம்.

"நீதான் மேகத்துக்குச் சொந்தக்காரி மாதிரி சொல்லுதே."

பொழுது சாயும் நேரத்தில் ரொட்டிக்காரி கடையை மூடிவிட்டு வந்தாள். தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வேலையும் இல்லாதவர்கள்போல வந்து நின்றார்கள். மணி அடித்தது. உல்ரிக் ஏட்டைத் திறந்து, எர்லாவின் மெக்தில் என்றிருந்ததை அடித்துவிட்டு, க்ரோனெக்கின் மெக்தில் என்று எழுதினார். எழுதி முடித்து, "இனி நாளைக்கு வந்து எத்தனை நாளுன்னு கேட்டேன்னா உதைப்பேன்," என்றார்.

மெக்தில் செண்பகத்தின் கையைப் பிடித்து, எலும்பு நோக அழுத்தினாள்.

செண்பகம் ஹெட்செட்டைக் கழற்றியபோது தியோடர் சார் அறையில் நின்றிருந்தார். பீர் அண்ணன் அவரைப் பார்த்தார். சார் தலையாட்டினார். எர்லா வழக்கம்போலப் பழைய மிக்கேல் திருநாளுக்குத் திரும்பியது. செண்பகம் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

இருபத்தோராவது ஓட்டம் மறுநாள் பத்து மணிக்குத் தொடங்கியது. பீர் அண்ணன் திரையைத் தட்டினார்.

"சார், எர்லாவுல ஆளு ஒண்ணு கொறையுது. முந்நூத்திப் பதினொண்ணு."

"எண்ணிப் பாரும்."

"எண்ணிட்டேன். பிரபுவோட பட்டியல்ல இருக்கவங்களையும் க்ரோனெக்கோட பழைய பட்டியல்ல இருக்கவங்களையும் எடுத்துப் பழைய இடத்துல வைக்கச் சொல்லித்தான் நாம எழுதியிருக்கோம். நேத்து சாயங்காலம் உல்ரிக் மாத்தி எழுதுனதும் மெக்தில் பேரு பிரபு பட்டியல்ல இருந்து அடிபட்டுப் போச்சு. நகரத்துப் பழைய பட்டியல்லயும் இல்ல. அப்படி ஒரு ஆளு இருந்தா என்ன செய்யணும்னு நாம எழுதவே இல்ல. இயந்திரம் அவளைத் தொடாம விட்டுட்டு."

செண்பகம் அதற்குள் ஹெட்செட்டை மாட்டியிருந்தாள்.

க்ரோனெக் வாயிலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. "ஏ அண்ணாச்சி, விளையாடாதீரும்," என்று மெக்தில் கத்தினாள். "நேத்துதான எழுதுனீரு!"

"நேத்து நான் உன்னைப் பாக்கவே இல்லியேம்மா," என்றார் உல்ரிக். ஏட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயர் அதில் எங்கும் இல்லை. ரொட்டிக்காரி ஒரு அந்நியளைப் பார்ப்பதுபோல ஓரமாக நின்றாள். எதிரே எர்லாவின் மணியக்காரர் கயிற்றோடு வந்திருந்தார். காலையில் ஆள் காணோம் என்று பெர்த்தா அழுததால் தேடி வந்தவர்.

மெக்தில் சிப்பித் தொப்பியைக் கண்டாள். "யக்கா! நீயாவது சொல்லு! ஊரே கூடிப் பொய் சொல்லுது. வேலை பாத்த வீட்டுக்காரியே என்னைத் தெரியாதுங்கா."

"அவங்க பொய் சொல்லல, மெக்தில். மறக்க வச்சிட்டாங்க." செண்பகம் உல்ரிக்கிடம் திரும்பினாள். "இவ ஒரு வருசமும் ஒரு நாளும் இங்க இருந்தா. நான் பாத்தேன்."

"ஒரு சாட்சி பத்தாது," என்றார் உல்ரிக். "ரெண்டு பேரு வேணும். புனிதர் எலும்பு வச்ச பெட்டி மேல கை வச்சு, தான் யாருன்னும் எப்படித் தெரியும்னும் மறைக்காமச் சொல்லணும். அதுவரைக்கும் இவரு கயித்தைத் தொடப்படாது. பொழுது சாயுத வரைக்குந்தான் தவணை."

செண்பகம் ஹெட்செட்டைக் கழற்றினாள். திரையில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சார் அவளைப் பார்க்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஹெட்செட்டைத் துடைத்து மேஜையில் வைத்தாள். பீர் அண்ணன் அலமாரியைத் திறந்து, இதுவரை உறை பிரிக்காத இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

சார் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

க்ரோனெக்கின் தெருவில் அவர் முதல் அடி வைத்தபோது தடுமாறினார். கால் வைத்த இடம் கல்லும் சேறுமாக இருந்தது. வாத்து ஒன்று காலைக் கொத்த வந்தது. அவர் அந்த வாத்தைப் பார்த்த பார்வையை, அந்தச் சிரிப்பைச் செண்பகம் நான்கு வருடத்தில் கண்டதில்லை. பிறகு அவர் மெக்திலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது.

"பேரு?" என்றார் உல்ரிக்.

"தியோடர்."

"ஊரு?"

"பாளையங்கோட்டை."

"அது எங்க இருக்கு?"

"தெக்க."

"எவ்வளவு தெக்க?"

"ரொம்ப."

உல்ரிக் எழுதிக்கொண்டார். எலும்புப் பெட்டி வந்தது. சார் அதன்மேல் கை வைத்தார். "இவ இங்க இருந்தது எனக்குத் தெரியும். நேத்து ஒரு நாளு போச்சு. காலையில பனி இருந்துச்சு. சாயங்காலம் வானம் சுத்தமா இருந்துச்சு."

"எப்படித் தெரியும்?"

சார் செண்பகத்தைப் பார்த்தார். செண்பகம் முன்னால் வந்து தன் கையையும் பெட்டியில் வைத்தாள். மெக்திலின் கண்களைப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"எர்லாவுக்கு ஓட்டோன்னு ஒரு பிரபு கெடையாது. உத்தரவெல்லாம் நாங்க ரெண்டு பேரு எழுதுனது. மணியக்காரரே, உம்ம இடுப்புப் பையில ஒரு ஓலை இருக்கு. இன்னும் பிரிக்கல. அறுவடை வரைக்கும் காட்டுல விறகு பொறுக்கக் கூடாதுன்னு இருக்கும், பாரும்."

மணியக்காரர் முத்திரையை உடைத்து வாசித்தார். வாசித்துவிட்டு மண்டியிட்டார். சார் பதறிப்போய் அவரைத் தூக்கப் போனார்.

"போன வருசம் திருகையைப் பிடுங்கச் சொன்னதும் நான்தான், மெக்தில்," என்றாள் செண்பகம். "முற்றத்துல பதிக்கச் சொன்ன வரி என்னோடது."

மெக்தில் அவளை நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள், மண்டியிடவில்லை.

"என் ரொட்டியைத் தின்னுக்கிட்டா இதை வச்சிருந்தே?"

"ஆமா."

"இந்த நாளை நீங்களா குடுத்தீங்க?"

"குடுக்கலம்மா," என்றார் சார். "அது உனக்கு வர வேண்டிய நாளு. நாங்க இடையில நின்னோம். கொஞ்சம் வெலகினோம். அவ்வளவுதான்."

உல்ரிக் இரண்டு பேர் சொன்னதையும் எழுதி, மணல் தூவி, ஊதினார். "சாட்சி சரி," என்றார். "க்ரோனெக்கின் மெக்தில்." மணியக்காரரின் கயிறு கீழே கிடந்தது.

மெக்தில் அதைத் தாண்டி வந்து சாரின் முன்னால் நின்றாள்.

"எங்கம்மா இன்னைக்கு விடியக்காலம் எந்திரிச்சு என்னைத் தேடி அழுதிருக்கா. போன வருசமும் அழுதா. இந்த மாதிரி இன்னும் எத்தனை தடவை அழணும்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க?"

இருபது ஓட்டங்களின் எண்களும் மனப்பாடமாக இருந்த அந்த மனிதரிடம் அதற்கு எண் இல்லை.

"உனக்கு என்ன வேணும்மா?" என்று கடைசியில் கேட்டார்.

"எனக்கு என்ன? நான்தான் இப்ப உங்க ஆளு இல்லியே." தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "அங்க முந்நூத்திப் பதினொரு பேரு இருக்காங்க. அவங்ககிட்ட வந்து கேளுங்க. பிரபுவுக்கு ஒரு கண்ணு கெடையாதுன்னு கொல்லன் சொல்லிக்கிட்டுத் திரியுதான், அவனும் பாத்துக்கிடட்டும்."

அவள் முன்னால் நடந்தாள். நாலடி போய்த் திரும்பி, நின்ற இடத்திலேயே நின்றிருந்த செண்பகத்தைப் பார்த்து, "உன்னைத் தனியா வேற கூப்பிடணுமோ?" என்றாள். செண்பகம் ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டாள். மணியக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ஆற்றங்கரைப் பாதையில் சாரின் யாத்திரைச் செருப்பு கடிக்கத் தொடங்கியது. அவர் குனிந்து வாரைத் தளர்த்தும்போது காதுக்குள் பீர் அண்ணனின் குரல் கேட்டது.

"சார், எர்லா மூணு மணி நேர நடை. வேகத்தைக் கூட்டிரவா? ஆறு நிமிசத்துல போயிரலாம்."

சார் நிமிர்ந்து, முன்னால் போகும் இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"வேண்டாம், பீர்," என்றார். "நாங்க நடந்தே போறோம்."